கென்யா: வட்டியைக் குறைத்த பிறகும் வீட்டுக் கடன் ஏன் நகர மாட்டேன் என்கிறது?

#1 ருய்ரு செந்தில்

நைரோபிக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். போன மாதம் எங்கள் பராமரிப்புப் பிரிவு எலக்ட்ரீஷியன் ஒரு பழுப்பு உறையை என் மேஜையில் வைத்துவிட்டு, "பாஸ், இதில் இருக்கிற எண்ணெல்லாம் உங்களுக்குத்தான் புரியும், பார்த்துச் சொல்லுங்கள்" என்று நின்றார். உள்ளே வீட்டுக் கடன் விண்ணப்பம். 40 லட்சம் ஷில்லிங், 20 வருஷம், 9.5 சதவீத வட்டி.

எனக்கே ஆச்சரியம். இந்த ஊரில் வீட்டுக் கடன் என்றால் 14, 15 சதவீதம் என்றுதான் பழக்கம். விசாரித்தால், கென்யா மார்ட்கேஜ் ரீஃபைனான்ஸ் கம்பெனி என்று 2018-இல் தொடங்கி, 2020-இல் மத்திய வங்கி உரிமம் பெற்ற ஒரு நிறுவனம் இருக்கிறது. அரசுக்கு நான்கில் ஒரு பங்கு. மீதியில் 8 வங்கிகள், 11 சாக்கோக்கள் (நம்ம ஊர்க் கூட்டுறவு கடன் சங்கம் மாதிரி), இன்னும் சிலர். உலக வங்கி 25 கோடி டாலரும் ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கி 10 கோடி டாலரும் கொடுத்திருக்கின்றன. அந்தப் பணத்தை 5 சதவீதத்துக்கு வங்கிகளுக்குக் கொடுக்கிறார்கள். வங்கிகள் அதை ஒற்றை இலக்க வட்டியில் மாதம் 1,50,000 ஷில்லிங்குக்குள் சம்பாதிப்பவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்பது தொடக்க விதி. கேட்க நன்றாகத்தானே இருக்கிறது?

இப்போது கணக்கைப் பாருங்கள். மாதத் தவணை சுமார் 37,300. அவருடைய சம்பளம் 62,000. வருமான வரி, ஓய்வூதிய நிதி, மருத்துவக் காப்பீடு, வீட்டு வரி (அரசு வீடு கட்டுவதற்காகச் சம்பளத்தில் பிடிக்கும் வரி) எல்லாம் போக கையில் வருவது 46,500. இந்த நாட்டுத் தொழிலாளர் சட்டப்படி சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பிடிக்கக் கூடாது. அதாவது எல்லாம் சேர்த்து 41,300-தான் மேல்வரம்பு. அரசுப் பிடித்தமே 15,400 போய்விடுகிறது. சாக்கோவுக்கு ஏற்கெனவே 8,000 கட்டுகிறார். மிச்சம் 18,000. அதற்கு 19 லட்சம்தான் கடன் கிடைக்கும். 19 லட்சத்துக்கு நைரோபியைச் சுற்றி இரண்டு படுக்கையறை ஃபிளாட் எங்கே இருக்கிறது?

இத்தனைக்கும் இவர் நிரந்தர வேலையில், சம்பளச் சீட்டோடு இருப்பவர். இந்த நாட்டில் விவசாயம் தவிர்த்த வேலைகளில் நூற்றுக்கு 83 பேர் "ஜுவா காலி" ஆட்கள். வேகாத வெயில் என்று அர்த்தம். வெல்டிங், தச்சு, காய்கறி, தையல் எல்லாம் அதில் அடக்கம். அவர்களிடம் சம்பளச் சீட்டே கிடையாது.

மத்திய வங்கிக் கணக்குப்படி 2023 கடைசியில் நாடு முழுக்க இருந்த வீட்டுக் கடன்கள் சுமார் 30,000. ஐந்து கோடிப் பேர் உள்ள நாட்டில்! சராசரிக் கடன் 90 லட்சத்துக்கு மேல். வட்டியைக் குறைத்தாகிவிட்டது, நீண்ட காலப் பணமும் வந்தாகிவிட்டது. பிறகும் ஏன் நகர மாட்டேன் என்கிறது? ஆப்பிரிக்காவில் வேறு நாடுகளில் இருக்கும் நம்மவர்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்.

#2 கோபி_மொம்பாசா

அண்ணே, பதினோரு வருஷம் இருக்கீங்களே, நீங்க வீடு வாங்கியாச்சா?

#3 ருய்ரு செந்தில்

வாடகைதான் தம்பி. வெளிநாட்டுக்காரனுக்கு இங்கே நிலம் சொந்தமாகக் கிடையாது. 2010 அரசியலமைப்புப்படி அதிகபட்சம் 99 வருஷக் குத்தகை. அதுவரைக்கும் நான் இருக்கப்போவதில்லை.

#4 பழைய டீலர்

செந்தில் சார், நான் அங்கே ஒரு வங்கியின் கருவூலப் பிரிவில் ஆறு வருஷம் உட்கார்ந்திருந்தவன். இப்போது கோயம்புத்தூர். நீங்கள் தவணைக் கணக்கைப் பார்க்கிறீர்கள், நான் வங்கியின் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

2024 பிப்ரவரியில் கென்ய அரசு எட்டரை வருஷத்துக்கு ஒரு உள்கட்டமைப்புக் கடன் பத்திரம் விட்டது. வட்டி 18.46 சதவீதம். வரி கிடையாது. அரசு திருப்பித் தராமல் போகும் என்ற பயமும் கிட்டத்தட்ட கிடையாது. அரசு 24,000 கோடி ஷில்லிங்குக்கு மேல் வாரிக்கொண்டது. அன்றைக்கு எங்கள் பழைய அலுவலகத்து நண்பரோடு பேசினேன். "வீட்டுக் கடன் பிரிவுக்காரர்கள் என்ன செய்கிறார்கள்?" என்று கேட்டேன். "டீ குடிக்கிறார்கள்" என்றார்.

இதுதான் விஷயம். ஒரு வங்கி மேலாளரை வைத்து, மதிப்பீட்டாளரை அனுப்பி, வக்கீலை வைத்து, இருபது வருஷம் மாதாமாதம் துரத்தி வசூலித்து 14 சதவீதம் சம்பாதிப்பதா, ஒரு மின்னஞ்சலில் 18 சம்பாதிப்பதா? அரசு தன் பற்றாக்குறைக்காக வீட்டுக் கடனோடு போட்டி போடுகிறது. அதே அரசு ரீஃபைனான்ஸ் கம்பெனி வைத்து வட்டியைக் குறைக்கிறேன் என்கிறது. ஒரு கையால் அணையைத் திறந்துவிட்டு மறு கையால் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதை.

சட்டம் போட்டு வட்டியைக் குறைத்தும் பார்த்தார்கள். 2016 செப்டம்பரில் எல்லாக் கடனுக்கும் மத்திய வங்கி வட்டிக்கு மேல் 4 சதவீதம்தான் என்று உச்சவரம்பு வைத்தார்கள். வங்கிகள் என்ன செய்தன? சிறிய ஆட்களுக்குக் கடன் கொடுப்பதைச் சுருக்கிக்கொண்டு அரசுப் பத்திரத்தை வாங்கிப் போட்டன. 2019 நவம்பரில் சட்டத்தையே எடுத்தார்கள். அந்த மூன்று வருஷமும் நான் அங்கேதான் இருந்தேன். ஒரு சின்ன பேக்கரிக்காரருக்குக்கூட எங்கள் கிளை கடன் கொடுத்த ஞாபகம் இல்லை.

அந்த 2024 பத்திரத்துக்கு அப்புறம் பத்திர வட்டி இறங்கியது உண்மை. ஆனால் ஒரு முறை 18 பார்த்த வங்கி இயக்குநர் குழு, அடுத்த பத்து வருஷத்துக்கு அதை மறக்காது.

#5 மீனா தார்

தான்சானியாவிலிருந்து. இங்கே இந்த ரீஃபைனான்ஸ் கம்பெனி உங்களுக்கு முன்பே, 2010-இலேயே வந்துவிட்டது. 2008-இல் வீட்டுக் கடனுக்கென்று தனிச் சட்டமும் போட்டார்கள். ஆனாலும் என் அலுவலகத்தில் வீட்டுக் கடன் எடுத்தவர் ஒரே ஒருவர். அவரும் வங்கி ஊழியரின் கணவர்!

இங்கே நிலம் எல்லாம் பொது நிலம். அரசு கொடுப்பது அனுபவ உரிமைதான். தார் எஸ் சலாமில் பெரும்பாலான பகுதி அளவெடுக்காமல் வளர்ந்தது. அங்கே இருப்பவர்களுக்குக் குடியிருப்பு உரிமம் என்று ஒரு காகிதம் தருகிறார்கள். சின்னக் கடனுக்குச் சில வங்கிகள் அதைப் பார்க்கும், இருபது வருஷக் கடனுக்குப் பார்க்காது.

செந்தில் அண்ணா, உங்கள் எலக்ட்ரீஷியனின் நிலப் பத்திரம் சரியாக இருந்ததா?

#6 ருய்ரு செந்தில்

மீனா, சரியான இடத்தில் கை வைத்தீர்கள். முதல் பதிவிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

ஃபிளாட் கிடைக்காது என்று தெரிந்ததும், தன் மனையில் கட்டுவதற்குக் கடன் கேட்கலாமே என்றேன். கங்குண்டோ சாலையில் அவருக்கு ஒரு மனை இருக்கிறது. 50-க்கு 100 அடி. "எய்த்" என்பார்கள், ஏக்கரில் எட்டில் ஒன்று என்று பெயர், உண்மையில் கொஞ்சம் குறையும். பத்திரத்தைக் கொண்டுவாருங்கள் என்றேன். அவர் கொண்டுவந்தது பத்திரம் இல்லை, பங்குச் சான்றிதழ்!

கென்யாவுக்கு வெளியே இருப்பவர்களுக்கு: இங்கே நிலம் வாங்கும் கம்பெனிகள் நிறைய. நூறு, இருநூறு பேர் சேர்ந்து ஒரு பெரிய பண்ணையை வாங்குவார்கள். தாய்ப் பத்திரம் கம்பெனி பெயரில் இருக்கும். உறுப்பினருக்கு "உன் மனை எண் இது" என்று ஒரு சான்றிதழ். பிறகு அளந்து பிரித்துத் தனிப் பத்திரம் வரும் என்பார்கள். சிலருக்கு வந்துவிடும். சிலருக்கு அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வருவது அந்தச் சான்றிதழ்தான்.

வங்கி அதைத் தொடக்கூட மாட்டேன் என்றது. வங்கியைக் குறை சொல்லவும் முடியவில்லை. 2023 அக்டோபரில் ஆத்தி ரிவரில் போர்ட்லேண்ட் சிமென்ட் கம்பெனி நிலத்தில் நூற்றுக்கணக்கான வீடுகளை இடித்தது நினைவிருக்கும். சும்மா தகரக் கொட்டகை இல்லை, மாடி வீடுகள். பணம் கொடுத்துத்தான் வாங்கினோம் என்று காகிதத்தைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றார்கள். 2011 நவம்பரில் சியோகிமாவிலும் இதே கதை.

#7 லேகோஸ் முருகேசன்

நைஜீரியா வந்து பாருங்கள், உங்கள் ஊர் சொர்க்கம் என்பீர்கள்.

1978 நிலப் பயன்பாட்டுச் சட்டப்படி ஒரு மாநிலத்தின் நிலம் முழுவதும் அதன் ஆளுநரின் பொறுப்பில். நிலத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ ஆளுநரின் ஒப்புதல் வேண்டும். நகராட்சிக் குமாஸ்தா கையெழுத்துக்கே நாம் நடையாய் நடப்போம், இது ஆளுநர்! அந்தக் கட்டணம், இந்தக் கட்டணம், மாதக்கணக்கில் காத்திருப்பு. அடமானத்தைப் பதிவு செய்வதற்கே இப்படியென்றால் எந்த வங்கி சின்னக் கடனுக்கு மெனக்கெடும்?

தேசிய வீட்டு நிதி என்று 1992-லிருந்து சம்பளத்தில் 2.5 சதவீதம் பிடிக்கிறார்கள். கூட்டாட்சி அடமான வங்கி 6 சதவீதத்துக்குக் கடன் தரும். ஊரில் வங்கி வட்டி 20-ஐத் தாண்டும்போது 6 சதவீதம் என்றால் கொள்ளை மலிவுதானே? ஆனால் அவர்கள் தருகிற தொகைக்கு லேகோஸில் குளியலறை கட்டலாம். என் கம்பெனி டிரைவர் பதினாறு வருஷமாகக் கட்டுகிறார். விண்ணப்பம்கூடப் போட்டதில்லை. ஏன் என்று கேட்டால் சிரிக்கிறார்.

இங்கே வாடகையே வருஷக் கணக்கில் முன்பணமாகக் கொடுக்க வேண்டும். புது வாடகைதாரரிடம் ஒரு வருஷத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்று 2011-இல் சட்டம் போட்டார்கள். இரண்டு வருஷம் கேட்பவரும் உண்டு, கொடுப்பவரும் உண்டு. அந்த முன்பணத்துக்கே கடன் வாங்குகிறார்கள். வீட்டுக் கடனுக்கு முன்பணம் சேர்ப்பது எப்போது?

#8 அண்ணாநகர் வாசு

ஏன் இவ்வளவு சுற்றி வளைக்கிறீர்கள்? நம்ம நாட்டிலும் ஒரு காலத்தில் இதே நிலைதானே. 1977-இல் எச்.டி.எஃப்.சி. தொடங்கும்போது நடுத்தர வர்க்கத்துக்கு வீட்டுக் கடன் என்றாலே யாருக்கும் தெரியாது. 1988-இல் தேசிய வீட்டுவசதி வங்கி வந்தது. பிறகு மளமளவென்று வளரவில்லையா? பத்து வருஷம் பொறுத்தால் ஆப்பிரிக்காவிலும் வரும். பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

#9 பழைய டீலர்

வாசு சார், "மளமளவென்று" என்று சொல்லிவிட்டீர்கள். எச்.டி.எஃப்.சி. வந்து முதல் இருபது வருஷம் எப்படி ஊர்ந்தது என்று அந்தக் காலத்து ஆட்களைக் கேளுங்கள். உண்மையில் வேகம் பிடித்தது 2000-க்குப் பிறகு, வட்டி இறங்கிய காலத்தில்.

நம்மிடமிருந்து ஆப்பிரிக்கா எடுத்துக்கொள்ள வேண்டியது பெரிய வங்கிகளின் கதை இல்லை. சம்பளச் சீட்டு இல்லாத மளிகைக் கடைக்காரருக்கும் ஆட்டோ வைத்திருப்பவருக்கும் கடன் கொடுக்கிற வீட்டு நிதிக் கம்பெனிகளின் கதை. கடன் அதிகாரி கடையில் போய் அரை நாள் உட்காருவார். எத்தனை பால் பாக்கெட் போகிறது, மொத்த வியாபாரிக்கு எவ்வளவு பாக்கி, பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் எவ்வளவு என்று எழுதிக்கொள்வார். அதை வைத்து வருமானம் கணிப்பார். வட்டி கூடுதல்தான், ஆனால் கதவு திறக்கிறது.

கென்யாவில் அதைவிட வசதி இருக்கிறது. 2007-லிருந்து எம்-பெசா. தக்காளி விற்கிற அம்மாவுக்கும் ஐந்து வருஷ வரவு செலவு கைபேசியிலேயே இருக்கும். ஆனால் அதை வைத்து இன்றைக்குக் கிடைப்பது முப்பது நாள் கடன், அதுவும் தீட்டுகிற வட்டியில். அதே வரலாற்றை வைத்து ஐந்து வருஷக் கடன் கொடுக்க யாருக்கும் துணிச்சல் இல்லை.

#10 கம்பாலா ரவி

நான் யாழ்ப்பாணம், இப்ப உகண்டாவில ஒரு கட்டுமானக் கம்பெனியில. நீங்கள் எல்லாரும் கதைக்கிறதைப் பார்த்தால் பத்திரம் மட்டும் சரியா இருந்தால் கடன் ஓடி வந்திடும் எண்டு இருக்கு. அப்பிடி இல்லை.

எங்கட பக்கத்து நாடு ருவாண்டாவைப் பாருங்கோ. சில வருஷத்துக்குள்ள நாடு முழுக்க ஒரு கோடிக்கு மேல காணித் துண்டுகளை அளந்து பதிஞ்சவை. 2013-ஓட கிட்டத்தட்ட முடிச்சாச்சு. அவ்வளவு துப்பரவாச் செய்த நாடு இந்தக் கண்டத்தில வேற இல்லை. ஆனால் வீட்டுக் கடன் அதால வெடிச்சுக் கிளம்பேல்லை. காணி உறுதி (உங்கட பத்திரம்) கையில இருக்கு, வருமானம் கையில இல்லை.

உகண்டாக் கதை வேற. 1900-ம் ஆண்டு ஒப்பந்தத்தில தொடங்கின மைலோ காணி. காணி ஒருத்தற்ற பேரில, அதில வீடு கட்டி மூண்டு தலைமுறையா இருக்கிறது வேற ஆள். அவருக்கு கிபாஞ்சா உரிமை. அந்த ஆளை எழுப்பவும் ஏலாது, அந்தக் காணியை வங்கியில வைக்கவும் ஏலாது. ரெண்டு பேருக்கும் உரிமை இருக்கு, ரெண்டு பேருக்கும் கடன் இல்லை.

#11 ருய்ரு செந்தில்

ரவி அண்ணா சொன்னதை யோசித்துக்கொண்டே இருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை எலக்ட்ரீஷியனோடு அவர் மனைக்குப் போய்விட்டு வந்தேன்.

ஒரு மட்டாட்டுவிலிருந்து (இந்த ஊர் மினி பஸ்) இன்னொன்றுக்கு மாறி, மெயின் ரோட்டில் இறங்கி, மோட்டார் பைக்கில் பத்து நிமிஷம். கறுப்பு மண், மழை பெய்தால் செருப்போடு கால் வராது. மனையில் ஓர் அறை எழும்பி நிற்கிறது. குவாரியில் மெஷினில் அறுத்த சாம்பல் நிறக் கல். கூரைக்கு மபாட்டி, அதாவது தகரம். பக்கத்தில் இரண்டாவது அறைக்கு அஸ்திவாரம் மட்டும் போட்டு, கம்பிகள் வானத்தைப் பார்த்து நிற்கின்றன. துரு பிடிக்காமல் இருக்க அவற்றின் மேல் சிமென்ட் பாலைத் தடவி வைத்திருக்கிறார். மூலையில் கல் அடுக்கு. "அது போன வருஷ போனஸ்" என்றார். தகரத்தைக் காட்டி, "அது என் மனைவியின் சாமா" என்றார். சாமா என்றால் நம்ம ஊர்ச் சீட்டு. பத்துப் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து மாதாமாதம் போட்டு, முறை வைத்து ஒருவர் எடுப்பது. தண்ணீர்த் தொட்டியைக் காட்டி, "அது சாக்கோ" என்றார். வீட்டையே வரவு செலவுப் புத்தகம் மாதிரி வாசித்துக் காட்டினார்.

சாக்கோவில் அவருடைய சேமிப்பைப் போல மூன்று மடங்கு கடன் கிடைக்கும். வட்டி மாதம் 1 சதவீதம், குறையும் நிலுவைக்கு. பத்திரம் கேட்பதில்லை. மூன்று சக ஊழியர்கள் ஜாமீன் கையெழுத்து போட்டால் போதும். தவணை தவறினால் அந்த மூன்று பேர் சேமிப்பில் கை வைப்பார்கள். அதனால் அந்த மூன்று பேரும் மதியச் சாப்பாட்டின்போது பார்வையாலேயே வசூலித்துவிடுவார்கள்.

நான் சொல்ல வருவது இதுதான். வட்டியைப் பார்த்தால் சாக்கோ 12, ரீஃபைனான்ஸ் கடன் 9.5. ஆனாலும் இவர் சாக்கோவைத்தான் விரும்புகிறார். காரணம், அது 3 லட்சம் தரும், மூன்று வருஷத்தில் முடியும், முடிந்ததும் அடுத்த அறைக்கு இன்னொன்று. வேலை போனால் பாதி கட்டிய வீடு நிற்கும், ஏலம் போகாது. இந்த ஊரில் பெரும்பாலான வீடுகள் இப்படித்தான் எழும்பியிருக்கின்றன, அறை அறையாக. நாம் எல்லோரும் 20 வருஷக் கடனைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். அவர்கள் 20 வருஷத்தில் ஏழு சின்னக் கடன் எடுக்கிறார்கள். உதவி செய்வதென்றால் அந்த ஏழுக்கும் அல்லவா செய்ய வேண்டும்?

#12 அண்ணாநகர் வாசு

அருமையாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் இதில் கொஞ்சம் ஏழ்மையை அழகு பார்க்கிற வேலையும் இருக்கிறது. பத்து வருஷம் அஸ்திவாரக் கம்பியைப் பார்த்துக்கொண்டு வாழ்வது என்ன சுகம்? கல் வாங்கிப் போட்டால் திருட்டுப் போகும், சிமென்ட் விலை ஏறும், பிள்ளைகள் வாடகை வீட்டிலேயே வளர்ந்துவிடும். ஒரே கடனில் முடித்தால் மொத்தச் செலவு குறையாதா?

#13 ருய்ரு செந்தில்

வாசு சார், அடி சரியாக விழுந்தது. திருட்டு உண்மைதான், அவருடைய இரண்டு ஜன்னல் சட்டம் காணாமல் போயிருக்கிறது. அதற்காகவே ஒரு மாமா பையனை அந்த ஓர் அறையில் குடிவைத்திருக்கிறார். மூத்த பெண் இப்போது ஃபார்ம் த்ரீ (உயர்நிலைப் பள்ளியில் மூன்றாம் வருஷம்) படிக்கிறாள். அவளுக்கு அந்த வீட்டில் ஓர் அறை கிடைக்குமா என்பது சந்தேகம்தான்.

#14 நக்கீரி_நைரோபி

யாருமே அந்த 1.5 சதவீத வீட்டு வரியைப் பற்றிப் பேசவில்லையே! சம்பளச் சீட்டைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. தொழிலாளியிடம் 1.5, முதலாளியிடம் 1.5. 2023-இல் கொண்டுவந்தார்கள், அந்த நவம்பரில் உயர் நீதிமன்றம் அரசியலமைப்புக்கு விரோதம் என்றது, 2024 ஜனவரியில் மேல்முறையீட்டிலும் நிறுத்திவைக்க மறுத்தது. சரி, ஒழிந்தது என்று நினைத்தால் மார்ச்சில் புதுச் சட்டத்தோடு திரும்ப வந்துவிட்டது. இந்த முறை ஜுவா காலி ஆட்களையும் சேர்த்து!

கிசுமுவில் அம்மா வீடு இருக்கிறது, எனக்கு நைரோபியில் அரசு ஃபிளாட் வேண்டாம் என்றால் விட மாட்டார்கள். வரி என்கிறார்கள், சேமிப்பு இல்லையாம். வீடு கிடைக்காவிட்டால் திரும்பியும் வராது. இதில் பிடித்த பணத்தில் ஒரு பகுதி செலவாகாமல் அரசுக் கருவூலப் பத்திரத்தில் போட்டுவைத்திருப்பதாகச் செய்தி வேறு வந்தது. என் பணத்தை என்னிடம் பிடுங்கி அரசு தனக்கே கடன் கொடுத்துக்கொள்கிறது!

#15 மீனா தார்

கோபம் நியாயம்தான். ஆனால் எலக்ட்ரீஷியனுக்கு 930 ஷில்லிங் போகிறது. நைரோபியில் பத்தில் ஒன்பது குடும்பம் வாடகையில் இருக்கும்போது, யாராவது வீடு கட்டித்தானே ஆக வேண்டும்? வருஷத்துக்கு இரண்டரை லட்சம் வீடு வேண்டும், கட்டுவது 50,000 என்று அரசே சொல்கிறது. தனியார் கட்டுவதெல்லாம் கிலிமானி மாதிரி வசதியானவர்கள் பகுதியில் நீச்சல் குளத்தோடு. கீழ்த்தட்டுக்கு அரசு கட்டாமல் யார் கட்டுவார்கள்?

#16 அடிஸ் அருள்

அரசு கட்டுவதைப் பற்றி எத்தியோப்பியாவைக் கேளுங்கள். அடிஸ் அபாபாவில் 2005 வாக்கில் கண்டோமினியம், அதாவது அரசு அடுக்குமாடி வீடுகள், கட்டத் தொடங்கினார்கள். பதிவு செய்து, வங்கியில் மாதாமாதம் சேமித்து, குலுக்கலில் பெயர் விழ வேண்டியிருந்தது. லட்சக்கணக்கில் கட்டினார்கள், அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. கென்யா இன்னும் அந்த எண்ணிக்கையைக் கனவில்கூடப் பார்க்கவில்லை.

ஆனால் வீடுகள் யெகா அபாடோ, கோயெ ஃபெச்சே என்று ஊரின் விளிம்பில். என் வீட்டில் சமைக்க வருகிற அக்காவுக்குக் குலுக்கலில் விழுந்தது. தவணையும் கட்டி, இரண்டு பஸ் மாறி வேலைக்கும் வர முடியவில்லை. வாடகைக்கு விட்டுவிட்டுப் பழைய இடத்திலேயே ஒற்றை அறையில் இருக்கிறார். அந்த வாடகையில் தவணை கட்டுகிறார். அவரைப் பொறுத்தவரை அது வீடு இல்லை, மகனுக்கு ஒரு சொத்து. அதில் தப்பொன்றும் இல்லை.

2022 ஜூலையில் குலுக்கல் நடத்தினார்கள். கணினித் தரவில் கை வைத்துவிட்டார்கள் என்று தெரிந்து மொத்தக் குலுக்கலையும் ரத்து செய்தார்கள். பெயர் விழுந்து, காபி காய்ச்சி, சொந்தக்காரர்களைக் கூப்பிட்டுக் கொண்டாடியவர்களை நினைத்துப் பாருங்கள்.

#17 பழைய டீலர்

இரண்டு விஷயம் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறேன்.

ஒன்று, மேற்கு ஆப்பிரிக்கா. எட்டு நாடுகள் சேர்ந்த சி.எஃப்.ஏ. ஃபிராங்க் பகுதி. நாணயம் யூரோவோடு 655.957 என்று கட்டிப்போடப்பட்டது, விலைவாசி அவ்வளவாக ஆடாது. டோகோவின் தலைநகர் லோமேயில் 2010-இல் அவர்களும் ஒரு ரீஃபைனான்ஸ் நிறுவனம் வைத்தார்கள், எட்டு நாட்டு வங்கிகளுக்கும் பொதுவாக. பத்திரம் விட்டு நீண்ட காலப் பணம் திரட்டுகிறார்கள். கென்யாவையும் நைஜீரியாவையும்விட வட்டி நன்றாகக் குறைவு. இருந்தும் செனகல் தலைநகர் டாக்கரில் மீன் விற்பவருக்குக் கடன் போகவில்லை. அப்புறம் கானா. அங்கே நல்ல வீடுகளின் விலையே டாலரில். 2022 டிசம்பரில் பணவீக்கம் 54 சதவீதம். கானா நாணயமான செடியில் சம்பளம் வாங்கி டாலரில் தவணை கட்டியவர்கள் என்ன ஆனார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆக, நாணயம் கெட்டால் எல்லாம் கெடும். நாணயம் நன்றாக இருந்தால் மட்டும் போதும் என்றும் இல்லை.

இரண்டு, மொராக்கோ. எனக்குப் பிடித்த உதாரணம் இதுதான். 2004-இல் ஃபோகாரிம் என்று ஓர் உத்தரவாத நிதி வைத்தார்கள். சீரான வருமானம் இல்லாதவர்களுக்கு வங்கி கடன் கொடுத்தால், அவர் கட்டாமல் போகும்போது இழப்பின் பெரும்பகுதியை நிதி ஏற்கும். அரசு பணத்தை மலிவாகக் கொடுக்கவில்லை, வங்கியின் பயத்தை மலிவாக்கியது. தையற்காரர், டாக்சி ஓட்டுபவர் எல்லாம் வங்கிக்குள் நுழைந்தார்கள். வராக்கடனும் ஏறியது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் செந்தில் சார் கேட்ட கேள்விக்கு யாராவது பதில் எழுத முயன்றார்கள் என்றால் அது இவர்கள்தான்.

செந்தில் சார் சொன்ன ஏழு சின்னக் கடனுக்கும் இந்த மாதிரி ஓர் உத்தரவாதம் இருந்தால், சக ஊழியர்கள் மூன்று பேரைத் தேட முடியாத தையற்காரருக்கும் சாக்கோ கதவு திறக்கும். இருபது வருஷக் கடனுக்காகத் திரட்டிய 25 கோடி டாலரில் கால்வாசியை இதற்கு ஒதுக்கியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்பது என் ஆதங்கம்.

#18 கம்பாலா ரவி

டீலர் ஐயா, ஆசை நல்லதுதான். ஆனால் உத்தரவாதம் எண்டு அரசு சொன்னால், கட்ட வசதி இருக்கிறவனும் கட்டாமல் விட்டுடுவான். தேர்தல் வாற வருஷத்தில எந்த அமைச்சர் வசூலிக்க விடுவார்? சாக்கோவில காசு திரும்பி வாறதுக்குக் காரணமே அது அரசாங்கக் காசு இல்லை, பக்கத்து மேசைக்காரன்ர காசு எண்டதுதான். அதைக் கெடுத்துப் போடாதேங்கோ.

#19 பழைய டீலர்

ஒதுங்கிக்கொள்கிறேன் என்று சொன்ன பிறகு திரும்ப வர வைத்துவிட்டீர்கள். முழு உத்தரவாதம் வேண்டாம், பாதிக்குப் பாதி போதும். சாக்கோவின் பணமும் மாட்டியிருக்க வேண்டும். அதற்கு மேல் ரவி சார் சொல்வதை என்னால் மறுக்க முடியவில்லை. தேர்தல் வருஷக் கடன் தள்ளுபடியை நம்ம ஊரிலேயே நிறையப் பார்த்தாகிவிட்டது.

#20 கோபி_மொம்பாசா

எல்லாம் சரி அண்ணே, எலக்ட்ரீஷியன் கடைசியில என்ன செஞ்சார்?

#21 ருய்ரு செந்தில்

பழுப்பு உறையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். விண்ணப்பத்தின் பின்பக்கம் வெள்ளையாக இருந்ததால் அதில் இரண்டாவது அறைக்கு எத்தனை கல், எத்தனை மூட்டை சிமென்ட் என்று கணக்குப் போட்டிருக்கிறார். சாக்கோவில் இரண்டரை லட்சம் கேட்டிருக்கிறார். நிலக் கம்பெனியின் ஆண்டுக் கூட்டம் அடுத்த மாதம். அளவையாளருக்கு ஆளுக்கு 15,000 போட்டுத் தாய்ப் பத்திரத்தைப் பிரிக்கலாம் என்று நாற்பது பேர் சேர்ந்து பேசப்போகிறார்களாம். போன வருஷமும் இதே பேச்சுதான் நடந்தது, பணம் போட்டவர்கள் ஒன்பது பேர்.

சாக்கோ ஜாமீனுக்கு இரண்டு கையெழுத்து கிடைத்துவிட்டது. மூன்றாவதுக்கு என்னைக் கேட்டார். நான் அந்த சாக்கோவில் உறுப்பினர் இல்லை. நேற்று சேருவதற்கான படிவம் வாங்கி வந்திருக்கிறேன்.